குண்டு வேறு, தோட்டா வேறு

டெக்ஸாஸில் இருக்கும் தம்பிக்கு, ஒஹையோவிலிருந்து ஒரு கிழவன் எழுதுவது.

கைத்துப்பாக்கித் தோட்டாவை வீட்டில் நிரப்பினால் லாபமா, கடையில் வாங்கினால் லாபமா என்று தம்பி சென்ற இதழில் எழுதிய கட்டுரையைக் கிழவன் மூன்று முறை படித்தான். முதல் முறை சந்தோஷத்துக்காக. தமிழில் இதை எழுத ஓர் ஆள் வந்தாரே என்று. இரண்டாம் முறை கையில் பென்சிலோடு. மூன்றாம் முறை வீட்டம்மாவுக்கு வாசித்துக் காட்ட. பாதியிலேயே அவர் எழுந்து போய்விட்டார். அது தம்பியின் குற்றமில்லை. ‘நான்’, ‘நீ’ என்று எழுத ஆரம்பித்தால் கிழவனுக்குக் குரல் உயர்ந்துவிடும் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே இந்தக் கடிதத்தில் கிழவன் கிழவனாகவும் தம்பி தம்பியாகவுமே இருப்பார்கள்.

தோட்டா நிரப்பும் பிரஸ்ஸை மேசையில் எப்படிப் பூட்டுவது, டையை எவ்வளவு இறக்குவது, தராசை எப்படிச் சரிபார்ப்பது என்பதையெல்லாம் கிழவன் தொடப்போவதில்லை. தம்பிக்கு அது கைவந்த வேலை. தெரியாதவர்கள் ஒரு கடிதத்தைப் படித்துக் கற்றுக்கொள்ளக்கூடிய வேலையும் அல்ல அது. தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு மட்டும் ஒரு வரி: அங்கே உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். அமெரிக்காவில் தன் உபயோகத்துக்கு நிரப்பிக்கொள்ள மத்திய அரசின் உரிமம் வேண்டாம். விற்பதென்றால்தான் ஆறாம் வகை உரிமம் எடுக்க வேண்டும், மூன்று வருடத்துக்கு 30 டாலர். தம்பி விற்கப்போவதில்லை. விஷயத்துக்கு வரலாம்.

முதல் கோபம் சொல்லில்.

கட்டுரையின் இரண்டாம் பத்தியில் ‘ஒரு குண்டு 26 சென்ட்’ என்றிருக்கிறது. ஐந்தாம் பத்தியில் ‘ஒரு குண்டு 11 சென்ட்’. முன்னது, கடையில் 50 கொண்ட பெட்டி 13 டாலர் என்று வாங்கும் முழுத் தோட்டா. பின்னது, அதன் மூக்கில் உட்கார்ந்திருந்து குழல் வழியே பறந்துபோகும் உலோகத் துண்டு மட்டும். இலைச் சாப்பாட்டின் விலையையும் அந்த இலையில் விழும் அப்பளத்தின் விலையையும் ஒரே சொல்லால் எழுதிவிட்டு, ஓட்டல்காரன் கொள்ளையடிக்கிறானா என்று தீர்ப்புச் சொன்னால் எப்படி?

தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? முழுசாக இருந்தால் தோட்டா. பறப்பது குண்டு. எரிவது மருந்து. பித்தளையில் இருப்பது கூடு. அடியில் அடிபட்டுத் தீப்பொறி தருவது பிரைமர். தீபாவளிக்குக் கல்லில் வைத்து நசுக்கிய பொட்டு வெடியின் பெரியப்பா மகன். ஈழத்துக்காரர்களிடம் சன்னம், ரவை என்று இன்னும் இரண்டு சொல் கூடுதலாக இருக்கிறது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் கிழவன் வளர்ந்த ஊரில் அறுவடை முடிந்ததும் நரிக்குறவர்கள் வந்து கூடாரம் போடுவார்கள். அவர்களில் ஒரு பெரியவரிடம் நாட்டுத் துப்பாக்கி இருந்தது. வாய் வழியே கெட்டிக்கும் வகை. கறுப்பு மருந்துக்கு ஒரு பை, ஈயத்துக்கு ஒரு பை, கேப்புக்கு மூடி போட்ட ஒரு தகர டப்பா. ஒன்றை இன்னொன்றோடு அவர் ஒருநாளும் கலந்ததில்லை, கையிலும் சரி, பேச்சிலும் சரி. ஆங்கிலப் பத்திரிகைக்காரர்களும் தம்பி செய்த அதே தப்பைத் தினமும் செய்கிறார்கள்தான். அவர்களைக் கிழவன் எப்போதோ மன்னித்துவிட்டான். தம்பியை மன்னிக்க மனம் வரவில்லை.

சொல்லில் விழுந்த ஓட்டை வழியாகத்தான் கணக்கும் ஒழுகியிருக்கிறது. அட்டவணையைப் பாருங்கள்: குண்டு 11, பிரைமர் 7, மருந்து 3, கூடு 0. ஆக 21 சென்ட். கடைத் தோட்டா 26. மிச்சம் 5.

மருந்துக் கணக்கில் குறையில்லை. ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். தோட்டாவுக்கு 5 கிரெய்ன் என்று வைத்துக்கொண்டால் 1,400 தோட்டா. டப்பா 42 டாலர். ஆகத் தோட்டாவுக்கு 3 சென்ட். (அந்த 5 கணக்குக்கு வைத்த எண். நிரப்புகிறவர் மருந்துக் கம்பெனியின் கையேட்டைப் பார்க்க வேண்டும், பத்திரிகையை அல்ல. தம்பி இதைக் கட்டுரையில் சொல்லாமல் விட்டார்.) இடிப்பது அந்த 0.

கூடு வானத்திலிருந்து விழவில்லை. புதுப் பித்தளைக் கூடாக வாங்கினால், தம்பி எடுத்துக்கொண்ட 9 மில்லிமீட்டருக்கு ஒன்று 20 சென்ட் வாக்கில் ஆகிறது. அதைச் சேர்த்தால் வீட்டுத் தோட்டா 41, கடைத் தோட்டா 26. அதாவது தம்பியின் லாபம் முழுவதும், முன்பு யாரோ 26 சென்ட் கொடுத்து வாங்கிச் சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டின் மேல்தான் நிற்கிறது. அந்தக் கூடு ஏறத்தாழ 60 கிரெய்ன் எடை. நூற்றுப் பதினேழு சேர்ந்தால் ஒரு பவுண்டு பித்தளை. பழைய உலோகக் கடையில் எடை போட்டால் காசு. அப்படிக் காசு பெறும் பொருளுக்குப் பூஜ்யம் போடலாமா?

போதாததற்கு, பொறுக்கிய கூடெல்லாம் பயன்படுவதும் இல்லை. புல்லில் தொலைவது உண்டு. வாய் பிளப்பது உண்டு. ராணுவத் தோட்டா என்றால் பிரைமரைச் சுற்றி அழுத்தி வைத்திருப்பார்கள். அதைச் சுரண்டி எடுக்க ஒரு வேலை. வெளிநாட்டுத் தோட்டா சிலவற்றில் உள்ளே நடுவில் ஒரே துளைக்குப் பதிலாக ஓரத்தில் இரண்டு சின்னத் துளை இருக்கும். அது பெர்டான் வகை, நம் ஊசியால் பிரைமரைத் தள்ள முடியாது. இதில் ஒரு வேடிக்கை. நிரப்புவதற்குத் தோதான வகையைக் கண்டுபிடித்தவர் எட்வர்ட் பாக்ஸர் என்ற ஆங்கிலேயர். தோதில்லாததைக் கண்டுபிடித்தவர் ஹைரம் பெர்டான் என்ற அமெரிக்கர். இரண்டும் 1860களில் வந்தவை. பாக்ஸர் வகையை அமெரிக்கா எடுத்துக்கொண்டது, பெர்டான் வகை ஐரோப்பாவுக்குப் போய்விட்டது. மாப்பிள்ளை இங்கே, பெண் அங்கே என்று மாற்றிக் கட்டிக்கொடுத்த கதை.

கிழவன் தன் நோட்டில் கூட்டுக்கு 2 சென்ட் எழுதுகிறான். அதன்படி வீட்டுத் தோட்டா 23, மிச்சம் 3. தம்பி பிரஸ், டை, தராசு, மற்ற சில்லறை எல்லாம் சேர்த்து 900 டாலர் என்கிறார். 5 சென்ட் மிச்சமானால் 18,000 தோட்டாவில் போட்ட பணம் திரும்பும் என்று அவர் போட்டது, 3 சென்ட் ஆனால் 30,000 ஆகிறது. மாதம் 200 சுடுகிறவருக்கு அது பன்னிரண்டரை வருடம். தம்பியின் முடிவு, அதாவது இது பணத்துக்கு ஆகாத வேலை என்பது, இதனால் இன்னும் பலப்படத்தான் செய்கிறது. விடை சரி, வழி தப்பு. கிழவனுக்குக் கணக்கு எடுத்த வாத்தியார் அதற்குப் பாதி மதிப்பெண்தான் போடுவார்.

இரண்டாவது கோபம் பெரியது. தம்பி தன் நேரத்துக்குச் சம்பளம் போட்டிருக்கிறார்.

மணிக்கு 400 தோட்டா நிரப்பலாம், தன் வேலையில் மணிக்கு 60 டாலர் கிடைக்கிறது, ஆகத் தோட்டாவுக்கு 15 சென்ட் கூலி, 21உம் 15உம் 36, கடையில் 26, ஆகவே ஒவ்வொரு தோட்டாவிலும் 10 சென்ட் நஷ்டம் என்று கட்டுரை முடிகிறது. இதைப் படித்ததும் கிழவன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் காப்பி போடப் போனான். சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குத் தம்பியின் கம்பெனி அவருக்கு மணிக்கு 60 டாலர் தரக் காத்துக்கொண்டிருக்கிறதா? அந்த நேரத்தில் பிரஸ் முன்னால் உட்காராவிட்டால் அவர் என்ன செய்துகொண்டிருப்பார்? தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்த்தால் அதற்கும் மணிக்கு 60 டாலர் நஷ்டக் கணக்கு எழுதுவாரா? வீட்டில் மாவரைத்த நேரத்துக்கெல்லாம் இந்த வீதத்தில் சம்பளம் போட்டால் இட்லி ஒன்று மூன்று டாலர் ஆகும். (அரைத்த பெண்களுக்கு யாராவது சம்பளம் போட்டிருக்க வேண்டும் என்பது வேறு வழக்கு. அதில் கிழவன் வாதி பக்கம்.)

சரி, நேரத்துக்கு விலை போடுவதென்றால் இரண்டு பக்கமும் போடட்டும். 2020இல் பெருந்தொற்று வந்தபோது கடை திறக்குமுன் விடிகாலையில் வரிசையில் நின்றார்கள். ஆளுக்கு ஒரு பெட்டி, மிஞ்சினால் இரண்டு. அதற்கு முன் பத்து டாலருக்குக் கிடைத்த பெட்டி இருபத்தைந்து, முப்பது என்று ஏறியது. அந்த வரிசையில் நின்ற நேரமும், கடைக் கடையாகக் கார் ஓட்டிய நேரமும் கடைத் தோட்டாவின் கணக்கில் ஏற வேண்டாமா? தம்பி அந்தப் பக்கத்தில் ஒரு நிமிஷம்கூட எழுதவில்லை.

நேரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. கிழவனின் முதல் கருவி பிரஸ்ஸே அல்ல. விஸ்கான்ஸினில் ரிச்சர்ட் லீ என்பவர் 1958இல் விற்கத் தொடங்கிய லீ லோடர். உள்ளங்கை அகலப் பெட்டி, நாலைந்து இரும்புத் துண்டு, மருந்து அளக்க ஒரு சின்னக் கரண்டி, அவ்வளவுதான். சுத்தியலை நாமே கொண்டுவர வேண்டும். 1982இல் ஒரு பழைய சாமான் சந்தையில் கிழவன் அதை நாலு டாலருக்கு வாங்கினான். அப்போது கிழவனுக்கு வயது இருபத்தொன்பது, இரண்டாம் மாடி வாடகை வீடு. கூட்டை டைக்குள் தட்ட வேண்டும், பழைய பிரைமரைத் தட்டி எடுக்க வேண்டும், புதுப் பிரைமரைத் தட்டி ஏற்ற வேண்டும். இந்தக் கடைசித் தட்டில் சில சமயம் பிரைமர் ‘பட்’டென்று வெடித்துவிடும். மருந்து போடுமுன் நடப்பது என்பதால் காதுக்குத்தான் ஆபத்து. கீழ்வீட்டு மூதாட்டி துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பார். மணிக்கு முப்பது தோட்டா. தம்பியின் வீதத்தில் கூலி மட்டும் தோட்டாவுக்கு 2 டாலர் ஆகிறது! அந்த வருடங்களில் கிழவன் கைக்கு எட்டாத தோட்டாவைச் சுட்டான் என்றால் அது அந்தச் சுத்தியலால்தான். கடையில் வாங்கியிருந்தால் மாதம் ஒரு பெட்டியோடு முடிந்திருக்கும்.

குண்டும் அப்போது வாங்கியதில்லை, வார்த்ததுதான். கிழவனின் சித்தப்பா கும்பகோணத்தில் அச்சுக் கோர்ப்பவர். தேய்ந்த எழுத்தை உருக்கும் நாளில் அவர் சட்டையில் வரும் அந்த உலோக வாசனை ஒஹையோவில் ஒரு சிற்றூர் அச்சகத்தின் பின்பக்கம் மறுபடி கிடைத்தது. நியூயார்க் டைம்ஸ் 1978 ஜூலை 2ஆம் தேதி இதழோடு ஈய எழுத்தை நிறுத்தியிருந்தது. சின்ன ஊர்ப் பத்திரிகைகள் முன்னும் பின்னுமாக அதே வழியில் போய்க்கொண்டிருந்தன. லைனோடைப் ஈயத்தில் நூற்றுக்கு 84 பங்கு ஈயம், 12 ஆன்டிமனி, 4 வெள்ளீயம். குண்டு வார்ப்பவனுக்கு அது அல்வா. கெட்டியானது, அச்சில் நிறைந்து விழுவது, மூலை மழுங்காதது. அச்சகக்காரர் 200 பவுண்டைத் தள்ளிவிட்டால் போதும் என்றிருந்தார். அந்த வரிக்கட்டிகளில் எழுத்து இடவலம் மாறி அப்படியே இருந்தது. உருக்குமுன் ஒன்றைக் கண்ணாடியில் காட்டிப் படித்தால், யாருக்கோ இரண்டாவது பெண் பிறந்த செய்தி. அந்தக் கட்டியைக் கிழவன் உருக்கவில்லை. இன்றும் மேசை மேல் இருக்கிறது. வீட்டம்மா அதைக் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறார்.

கதை அங்கேயே நின்றிருந்தால் அழகாக இருந்திருக்கும். 2016இல் வேறு எதற்கோ ரத்தம் எடுத்த மருத்துவர் ஈயமும் பார்த்துவிடலாம் என்றார். டெசிலிட்டருக்கு 14 மைக்ரோகிராம். அமெரிக்கத் தொழில்நல ஆராய்ச்சி நிறுவனம் அதற்கு முந்தைய வருடம்தான் பெரியவர்களுக்கு 5ஐத் தொட்டாலே உயர்வு என்று வரையறுத்திருந்தது. உருக்கிய சட்டிதான் காரணம் என்று கிழவன் நினைத்தான். விசாரித்துப் பார்த்ததில், முக்கியக் குற்றவாளி காலிக் கூடுகளை மெருகேற்றும் அதிர்வுச் சட்டி. பிரைமரில் ஈயச் சேர்மம் உண்டு. சுட்ட பிறகு அது கூட்டின் அடியில் கரியாக ஒட்டியிருக்கும். உமி மாதிரி அரைத்த சோளத்தக்கையில் போட்டுக் குலுக்கினால் தூசாகப் பறக்கும். கார் கொட்டகையில் கதவைச் சாத்திக்கொண்டு முப்பது வருடம் அதைச் சுவாசித்தாகிவிட்டது. பிறகு தண்ணீரில் கழுவும் உருளை வந்தது, தனிச் சட்டை வந்தது, பேரப்பிள்ளைக்குக் கொட்டகைக்குள் வரத் தடை வந்தது. வருடம் ஒருமுறை பரிசோதனை. இந்தச் செலவு தம்பியின் அட்டவணையில் இல்லை. ஓடாத சம்பளத்துக்கு 15 சென்ட் போட்டவர், உடம்பில் ஏறும் ஈயத்துக்கு ஒரு வரிசை ஒதுக்கவில்லை.

இனிமேல்தான் கிழவனின் பைத்தியம். தம்பி பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வியையே தம்பி தப்பான தோட்டாவிடம் கேட்டுவிட்டார். 9 மில்லிமீட்டர் 1902இல் ஜார்ஜ் லூகர் செய்தது. இன்று உலகமே சுடும் தோட்டா. ராணுவம் சுடுகிறது, போலீஸ் சுடுகிறது, ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள் சுடுகிறார்கள். ஆலைகள் ராப்பகலாக அடிக்கின்றன. கூட்டம் நிற்கும் கடையில் இட்லி மலிவு என்கிற கதைதான். அந்த மலிவோடு ஒரு தனி ஆள் கொட்டகையில் உட்கார்ந்து போட்டி போட்டால் 3 சென்ட்தான் மிஞ்சும்.

.38 ஸ்பெஷலிடம் போய்க் கேட்டிருக்க வேண்டும். 1898இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கொண்டுவந்தது. எத்தனையோ பத்தாண்டுகள் அமெரிக்கப் போலீஸின் இடுப்பில் இருந்தது இதுதான், இன்றைய 9 மில்லிமீட்டர் போல. கிழவன் வந்த புதிதில் ஒரு போலீஸ் சுடுதளத்தின் பின்னறையில், சான் டியேகோவில் செய்த ஸ்டார் இயந்திரம் ஒன்று ஓடியதைப் பார்த்திருக்கிறான். ஓய்வு பெற்ற ஒரு சார்ஜன்ட், வாயில் அணைந்த சுருட்டு (மருந்துக்குப் பக்கத்தில் எரிகிற சுருட்டு வைக்கிற ஆள் அல்ல அவர்), ஒரு கையால் பிடியை இழுக்க இழுக்கப் பயிற்சித் தோட்டா விழுந்துகொண்டே இருக்கும். எல்லாம் தட்டை மூக்குக் குண்டு. காகிதத்தில் ரயில் டிக்கெட்டுக்குத் துளை போட்ட மாதிரி வட்டமாக வெட்டும். ராணுவம் 1985இல் 9 மில்லிமீட்டர் பிஸ்டலுக்கு மாறியது. போலீஸ் துறைகளும் அந்தப் பத்து, பதினைந்து வருடத்தில் ரிவால்வரைக் கழற்றி வைத்தன. கூட்டம் போனது, .38 ஏறியது. இன்று சாதா .38 பெட்டியே 25 டாலர். தோட்டா ஒன்று 50 சென்ட். அதனிடம் 9 மில்லிமீட்டரைவிடப் பித்தளை கொஞ்சம் அதிகம், மற்றபடி இருமடங்கு விலைக்கு ஏற்ற சரக்கு எதுவும் உள்ளே இல்லை. ஆள் குறைந்ததற்கான விலை அது.

கிழவனின் நோட்டில் .38 இப்படி: வாங்கிய ஈயக் குண்டு 10, பிரைமர் 7, மருந்து 2, கூடு 1. ஆக 20. மிச்சம் 30 சென்ட். ஒற்றைப் பிடி பிரஸ், டை, தராசு எல்லாம் 250 டாலருக்குள் முடித்துவிடலாம். எண்ணூற்று முப்பத்துச் சொச்சம் தோட்டாவில், அதாவது பதினேழு பெட்டியில், முதல் திரும்பிவிட்டது. .44 மேக்னம் என்றால் இன்னும் மேலே. 1955இல் அது பிறந்ததே எல்மர் கீத் போன்ற வீட்டு நிரப்பாளிகளின் பிடிவாதத்தால்தான். கடையில் தோட்டா ஒன்று ஒரு டாலரைத் தொடுகிறது. மருந்து நாலு மடங்கு போனாலும் கொட்டகையில் 35 சென்ட் வாக்கில் முடிகிறது.

கூட்டுக்கு அங்கே 2, இங்கே 1 ஏன் என்று தம்பி கேட்பார். பிஸ்டல் காலிக் கூட்டை எங்கோ புல்லில் வீசுகிறது. பிறகு ஒரு கிழவன் குனிந்து குனிந்து தேட வேண்டும். ரிவால்வர் ஆறையும் உள்ளங்கையில் கொட்டுகிறது. தொலைவதில்லை. அழுத்தமும் குறைவு: .38க்கு விதித்த உச்சம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு, 9 மில்லிமீட்டருக்கு 35,000. ஆகக் கூடு நீடித்து உழைக்கிறது. முதுகும்தான். கிழவன் ரிவால்வரை விடாததற்குக் காரணம் வீரம் என்று சுடுதளத்தில் சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இடுப்பு வலி.

பிரைமரின் 7 சென்ட் பற்றி ஒரு பாராட்டும் ஒரு பாவ மன்னிப்பும். தம்பி இன்றைக்குக் கடையில் என்ன விலையோ அதைப் போட்டார், சரி. கிழவன் அப்படிச் செய்யவில்லை. 2012 டிசம்பரில் கனெக்டிகட் பள்ளியில் நடந்த படுகொலைக்குப் பிறகு, புதுச் சட்டம் வரும் என்ற பயத்தில் அடுத்த வருடம் கடைகள் துடைத்துவிட்டது போல் ஆயின. அந்தப் பாடத்தில், விலை இறங்கியபோது கிழவன் ஆயிரம் 30 டாலர் என்று பிரைமரை வாங்கி அடுக்கினான். 2020இல் அதே ஆயிரம், கைமாற்றி விற்பவர்களிடம் 100 டாலரையும் தாண்டியது. அப்போது கிழவன் சுடுதளத்தில் நின்று ‘எனக்குத் தோட்டா 12 சென்ட்தான்’ என்று பீற்றிக்கொண்டான். அது பொய்க் கணக்கு. பாட்டி வாங்கிய விலையில் பவுனைக் கணக்கிட்டு, நகை செய்தது மலிவு என்று சொல்வது போல. விற்றிருந்தால் பத்து சென்ட் பெறக்கூடியதைச் சுட்டுவிட்டு 3 சென்ட் என்று எழுதினான்.

பஞ்சம் வந்தால் வீட்டில் நிரப்புகிறவன் தப்பிப்பான் என்று தம்பி ஓரிடத்தில் எழுதியிருக்கிறார். பாதி உண்மை. பிரைமரை யாரும் வீட்டில் செய்துகொள்ள முடியாது, முயலவும் கூடாது. அமெரிக்காவில் அதைப் பெரிய அளவில் செய்கிற பழைய பெயர்கள் நாலே நாலு: சிசிஐ, ஃபெடரல், ரெமிங்டன், வின்செஸ்டர். ரெமிங்டன் 2020 ஜூலையில் திவால் மனு கொடுத்தது; அதன் தோட்டா வியாபாரத்தை, ஏற்கெனவே ஃபெடரலையும் சிசிஐயையும் வைத்திருந்த விஸ்டா அவுட்டோர் வாங்கியது. 2024இல் மூன்றும் சேர்ந்து ஒரு செக் நாட்டுக் குழுமத்தின் கைக்குப் போய்விட்டன. பஞ்ச காலத்தில் இந்த ஆலைகள் பிரைமரை முதலில் யார் வாயில் வைக்கும்? தங்கள் சொந்தத் தோட்டாவின் அடியில்தான். பிரஸ் இருந்தும் பிரைமர் இல்லாமல் 2021 முழுக்கக் கையைப் பிசைந்துகொண்டிருந்தவர்களைக் கிழவன் அறிவான். அதில் இரண்டு பேருக்கு ஆளுக்கு நூறு கொடுத்தான். ஆயிரமாகக் கொடுக்க மனம் வரவில்லை.

இவ்வளவு திட்டியதற்குப் பிறகு சொன்னால் தம்பி நம்ப மாட்டார். அந்தக் கட்டுரையின் ஒன்பதாம் பத்தியைப் போல ஒன்றைக் கிழவன் நாற்பது வருடத்தில் எந்த மொழியிலும் படித்ததில்லை. நூறு தோட்டா நிரப்பி எடுத்துப் போகிறார். பதிமூன்றாவதைச் சுடும்போது வழக்கமான ஓசை வரவில்லை, ‘புஸ்’ என்கிறது. அடுத்ததைச் சுடக் கை போகிறது, நிறுத்துகிறார். துப்பாக்கியைப் பிரித்துப் பார்த்தால் குண்டு குழலின் நடுவில் நிற்கிறது. பதினான்காவதை அழுத்தியிருந்தால் குழல் வீங்கியிருக்கும், அல்லது பிளந்திருக்கும். வீட்டுக்கு வந்து மீதி எண்பத்தேழையும் ஒவ்வொன்றாகச் சுத்தியல் இழுப்பானில் தட்டிப் பிரிக்கிறார். இன்னும் ஐந்தில் மருந்தே இல்லை. மருந்துக் குழாயில் சரக்கு தீர்ந்ததைக் கவனிக்கவில்லை. இதை மறைக்காமல் எழுதி, பிரித்ததில் வீணானதைக் கணக்கில் ‘கவனக்குறைவு’ என்று ஒரு தனி வரிசையாகச் சேர்த்திருக்கிறாரே, அந்த இடத்தில் கிழவன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். முப்பது வருடம் நிரப்பியவர்கள் இதை மனைவியிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். கிழவனுக்கும் 1991இல் இதே நடந்தது. அவன் பிரித்தது பத்தே பத்து, மீதியைச் ‘சரியாக இருக்கும்’ என்று சுட்டான். சரியாகத்தான் இருந்தது. அதை இன்று நினைத்தாலும் உள்ளங்கை வேர்க்கிறது. தம்பி எண்பத்தேழையும் பிரித்தவர். இந்த ஒரு விஷயத்தில் அவர் குரு, கிழவன் சீடன்.

ஆகவே அடுத்த இதழுக்கு ஒரு விண்ணப்பம். அட்டவணையைத் திருத்திப் போடட்டும். ‘குண்டு 26’ என்பதைத் ‘தோட்டா 26’ ஆக்கட்டும். கூட்டுக்கு 2 சேர்க்கட்டும். சம்பள வரிசையை அடித்துவிட்டு அந்த இடத்தில் ரத்தப் பரிசோதனையை எழுதட்டும். ‘கவனக்குறைவு’ வரிசையைத் தொடவே வேண்டாம். பக்கத்திலேயே .38க்கு ஒரு பத்தி போடட்டும். எண்கள் வேண்டுமென்றால் கிழவனின் நோட்டு தயார், 1982இலிருந்து பதினோரு நோட்டு இருக்கிறது, பிரதி எடுத்து அனுப்புவான்.

ஒன்று விட்டுப்போயிற்று. நோட்டின் கடைசிப் பக்கத்தைத் தம்பி எப்படியும் பார்ப்பார், முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. போன மாதம் கிழவன் 9 மில்லிமீட்டர் தோட்டா ஐந்நூறு வாங்கினான். கடையில்.